லகாட்டில் காணாமல் போன அரைமணி

கோலாலம்பூரில் இறங்கிய அன்றே பஸ்ஸைத் தவறவிட்டேன். குற்றம் என்னுடையதல்ல, என் மாமனாருடையது. கல்யாணத்துக்கு அவர் போட்ட கைக்கடிகாரத்தை, பள்ளியில் நான் பாடம் நடத்தும் நிலப்படப் புத்தகத்தைப் பார்த்து, விமானத்திலேயே சரியாக இரண்டு மணி நேரம் முன்னால் திருகி வைத்திருந்தேன். பஸ் நிலையத்துக் கடிகாரமோ என்னுடையதைவிட அரைமணி முன்னால் இருந்தது. சீட்டு கொடுக்கும் பெண் மலாயில் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவர், “உங்க பஸ்ஸு இந்நேரம் ரவாங் தாண்டியிருக்குமாம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தும் வைத்தார். வழியில் கடிகாரம் நின்று ஓடியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். மாமனாரை மனதாரத் திட்டிவிட்டு, முள்ளை அரைமணி தள்ளி வைத்துக்கொண்டு, அடுத்த பஸ் வரும்வரை நிலையத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். எனக்கு உட்கார்ந்து காத்திருக்க வராது.

விருதுநகரில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியன் நான். செலவில்லாமல் செய்யக்கூடிய வானியல் சோதனைகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தேன். அது எப்படியோ கடல் தாண்டிப் போய், பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் கையில் கிடைத்திருக்கிறது. ஈப்போவுக்கு வந்து நான்கு நாள் விண்வெளி அறிவியல் பயிற்சி நடத்த முடியுமா என்று கேட்டு எழுதினார்கள். அது 1982. மார்ச் கடைசியில் கிளம்பினேன். “அங்க போயாவது நாலு பேர் மேல எரிஞ்சு விழாம இருங்க” என்று சொல்லித்தான் என் மனைவி வழியனுப்பினாள்.

ஈப்போவில் என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் குணசேகரன். பயிற்சியை ஏற்பாடு செய்தவர் அவர்தான். ஐம்பது வயது ஆசிரியர், தொந்தி முன்னால் வர அவர் பின்னால் வருவார். பஸ்ஸைத் தவறவிட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், “தாப்பா லா சார், பரவால்ல. முதல்ல சாப்பிடுவோம்” என்றார். அடுத்த நான்கு நாளும் எந்தச் சிக்கல் வந்தாலும் அவரிடம் இருந்த ஒரே மருந்து அதுதான். அன்று முளைகட்டிய பயறும் வேகவைத்த கோழியும் வாங்கிக் கொடுத்தார். முளை ஒவ்வொன்றும் விரல் தடிமன். எங்கள் ஊரில் அப்படி ஒரு பயறு முளைத்தால் பக்கத்துத் தெருவிலிருந்து பார்க்க வருவார்கள்.

திங்கட்கிழமை பிற்பகல் பயிற்சி தொடங்கியது. பள்ளி விட்டபிறகுதான் ஆசிரியர்கள் வர முடியும். பாகான் செராயிலிருந்தும் ஆயர் தாவாரிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முப்பது பேர். மின்விசிறி ஒன்றே ஒன்று, அதுவும் என் தலைக்கு மேல் இல்லை.

முதல் பாடம் நிழல்குச்சி. சமதரையில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலைப் பகல் முழுக்கக் குறித்துக்கொண்டே வந்தால், நிழல் மிகக் குறைந்திருக்கும் வேளைதான் உண்மையான உச்சிவேளை. இதை நான் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். ஒல்லியான உடம்பு, மங்கிய நீலச் சேலை, கையில் அட்டை கிழிந்த நோட்டு.

“சார், நிழல் குறையறது சரி. நிழலே இல்லாம போற நாளு உண்டா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் நான்காம் நாள் பாடம். “எப்படிம்மா கேக்கறீங்க?” என்றேன்.

“போன வருசம் ஏப்ரல் ஒண்ணாந்தேதி எங்க இஸ்கூல் கொடிக்கம்பத்துக்கு நிழலே இல்ல சார். எழுதி வச்சிருக்கேன். பெரிய சார்கிட்ட சொன்னா, வெயில்ல நிக்காத, தலை சுத்துதுன்னு சொல்லிட்டாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். குண்டு குண்டான எழுத்தில், ‘கம்பத்துக்கு நிழல் இல்லை. மணி 12.50. பிள்ளைகளும் பார்த்தார்கள்’ என்று இருந்தது. என் குறிப்பேட்டில் அதே ஏப்ரல் ஒன்றுக்கு, ஈப்போ வட்டாரத்துக்கென்று நான் ஊரிலேயே கணக்குப் போட்டு எழுதி வைத்திருந்த நேரமும் 12.50தான். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாருக்கும் காட்டினேன். சிரிப்பு நின்றது.

அவர் பெயர் அஞ்சலை. ஈப்போவுக்குப் பக்கத்தில், லகாட் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை. அன்று சாயங்காலம் தே தாரிக் என்ற ஆற்றிய டீயைக் குடிக்கும்போது குணசேகரன் மீதியைச் சொன்னார். அஞ்சலை ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. கல்லூரிப் பயிற்சி கிடைத்தால்தான் வேலை நிரந்தரம். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். கல்வி இலாகாவின் பள்ளி ஆய்வாளர் நேரில் வந்து ஒரு பாடத்தைப் பார்த்துப் பரிந்துரைத்தால் மட்டுமே இடம். “நல்ல டீச்சர் சார். கேக்கத்தான் ஆளில்ல” என்றார்.

“வியாழக்கிழமை ஏப்ரல் ஒண்ணு. ஆய்வாளரை அவங்க பள்ளிக்கே கூட்டிட்டு வாங்க. நிழல் மறையறதை அவர் கண்ணால பார்க்கட்டும்” என்றேன். இதைச் சொல்ல நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. குணசேகரன் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். “தப்பாப் போச்சுன்னா அந்தப் பொண்ணு கதி என்னாவும் சார்?” என்று கேட்டார். ரெண்டு நோட்டிலும் ஒரே நேரம் இருக்கிறது, எப்படித் தப்பாகும் என்று எரிந்து விழுந்தேன். மனைவி சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை, வேறு கோள்களில் உயிர் உண்டா என்ற பாடம். செவ்வாயில் இறங்கிய கலம் மண்ணைக் கிண்டி உயிர் தேடியதை வகுப்பில் எப்படிச் செய்து காட்டுவது? ஈயச் சுரங்கத்து மணலை வறுத்து மூன்று கண்ணாடிக் குவளைகளில் போட்டேன். ஒன்றில் வெறும் மணல். ஒன்றில் ஆப்பச்சோடாவும் எலுமிச்சை உப்பும் கலந்த மணல். ஒன்றில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் கலந்த மணல். மூன்றிலும் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியதும் சோடாக் குவளை குபுகுபுவென்று பொங்கியது. “உயிரு! உயிரு!” என்று பாதிப் பேர் கத்தினார்கள். பொங்கி ஒரே நிமிஷத்தில் அடங்கிவிட்டது. அது வெறும் ரசாயனம். உயிருள்ள ஈஸ்ட் குவளை மெதுவாகத்தான் நுரைக்க வேண்டும்.

நுரைக்கவில்லை. பத்து நிமிஷம் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன், குவளையைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். “ஈஸ்ட் செத்துப்போச்சு” என்று குவளையைக் கொட்டப் போனேன்.

“சார், இருங்க சார்” என்றார் அஞ்சலை. “தோசை மாவு பொங்கவே ஒரு ராத்திரி ஆவுது. இதுக்குப் பத்து நிமிசம் பத்துமா?”

கால்மணி கழித்து நுரை குவளையின் விளிம்பைத் தொட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது.

புதன்கிழமை மதியம் பசியில் உயிர் போனது. தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. போய் உட்கார்ந்ததும் அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். “ஒண்ணு இருவதுக்கு பாங்கு சொல்லிருவாங்க. தொழுதுட்டு வந்து நானே போட்டுத்தாரேன், உக்காருங்கண்ணே. முந்தியெல்லாம் பன்னண்டு அம்பதுக்கே சொல்லிருவாங்க, இந்த வருசத்துலேர்ந்து இப்படி ஆயிப்போச்சு” என்றார். பன்னிரண்டு ஐம்பது என்ற எண் என் காதில் விழுந்தது. மீன்குழம்பு வாசனையில் மண்டைக்குள் ஏறவில்லை. மேசையை விரலால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏப்ரல் மாதம் அங்கே பிற்பகலில் இடியும் மழையுமாக இருக்கிறது. மேகம் வந்தால்? குச்சி சாய்ந்தால்? ஏப்ரல் ஒன்று முட்டாள்கள் தினம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முப்பது பேருக்கு முன்னால் அத்தனை விளக்கம் கொடுத்தேனே, நிழல் மறைவதை என் கண்ணால் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்கள் ஊரிலும் வருஷத்துக்கு இரண்டு நாள் அது நடக்கிறது. படித்திருக்கிறேன், கணக்குப் போட்டிருக்கிறேன், வெளியே போய் நின்றதில்லை.

வியாழக்கிழமை குணசேகரனின் கார் தோட்டத்துச் செம்மண் சகதியில் இறங்கிவிட்டது. இருவரும் இறங்கித் தள்ளினோம். கால்சட்டை முழங்கால்வரை சிவப்பு. நான் நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்த்தேன். “சார், சூரியன் நம்மள விட்டுட்டா போயிரும்?” என்றார் குணசேகரன்.

ரப்பர் மரங்களை முன்வருஷம்தான் வெட்டியிருந்தார்கள். புதிதாக நட்ட செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, முழங்கால் உயரம்கூட இல்லை. பள்ளியைச் சுற்றி வெட்டவெளி. “மரம் இருந்தப்ப இந்தத் திடல்ல வெயிலே விழாது சார். வெட்டினப்புறந்தான் கம்பத்தோட நிழலே கண்ணுல பட்டுச்சு” என்றார் அஞ்சலை. கன்னத்தில் பவுடர் வியர்வையில் திட்டுத் திட்டாக இருந்தது.

ஆய்வாளர் பன்னிரண்டரைக்கு வந்தார். என்சிக் ரம்லி; என்சிக் என்றால் மலாயில் திரு. மடிப்புக் கலையாத சட்டை, கறுப்புச் சொங்கோக் தொப்பி. கைகுலுக்கிவிட்டு முதல் வார்த்தையாக, ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும், மூன்று மணிக்கு ஆயர் தாவாரில் கூட்டம் என்று மலாயில் சொன்னார். குணசேகரன் எனக்கு மொழிபெயர்த்தார்.

அஞ்சலை பாடத்தைத் தொடங்கினார். திடலில் ஒரு மீட்டர் குச்சி, நூலில் ஈயக்குண்டு கட்டித் தொங்கவிட்டு நேராக நிறுத்தியது. காலையிலிருந்தே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கூழாங்கல்லாக நிழலின் நுனியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கல் வரிசை குச்சியை நோக்கி வந்துகொண்டிருந்தது. இருபத்தாறு பிள்ளைகளும் திடலில் தள்ளித்தள்ளி நின்று அவரவர் நிழலைப் பார்த்தார்கள். உருண்டை பூமி, நடுக்கோடு, சூரியன் தலைக்கு மேல் வடக்கே போகும் வழி என்று ஒரு தேங்காயையும் கைவிளக்கையும் வைத்துக்கொண்டு அவர் சொன்ன விதம், சத்தியமாக, என் புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

“இப்ப மணி பன்னண்டு அம்பது. எல்லாரும் காலுக்குக் கீழ பாருங்க!” என்றார்.

பார்த்தோம். நிழல் இருந்தது. குச்சியின் நிழல் அரைச்சாணுக்கு மேலேயே இருந்தது. கொடிக்கம்பத்தின் நிழல் மேற்கே சொகுசாகப் படுத்திருந்தது. ஒரு பொடியன், “டீச்சர், என்னுது இன்னும் இருக்கு” என்றான்.

ஓடிப்போய் ஈயக்குண்டு நூலைப் பார்த்தேன். நேராக இருந்தது. குறிப்பேட்டை எடுத்து நின்றபடியே கணக்கை மறுபடி போட்டேன். சரியாக இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பில் விளையாடிவிட்டாயே முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். என்சிக் ரம்லி எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். இன்று தேதி ஒன்று என்று தெரியும், ஆனால் கல்வி இலாகாவை வைத்து விளையாட்டு வேண்டாம் என்று சிரிக்காமல் சொன்னார். மணி ஒன்றாகப் போகிறது. காரோட்டி கதவைத் திறந்துவிட்டான்.

அஞ்சலை யாரையும் பார்க்கவில்லை. கூழாங்கல் வரிசைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். இன்னொரு கல்லை எடுத்து நுனியில் வைத்தார். நிமிர்ந்தார்.

“சார், நிழலு இன்னும் உள்ளதான் போவுது. திரும்பல. உச்சி இன்னும் வரவே இல்ல சார்!”

“மணி தாண்டிப்போச்சேம்மா!” என்று கத்தினேன்.

“மணியை நாமதானே சார் ஜனவரியில தள்ளி வச்சோம்!”

அப்போதுதான் என் மண்டையில் விளக்கெரிந்தது. அந்த வருஷப் பிறப்பன்றுதான் அங்கே ஊருக்கெல்லாம் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவர் நோட்டில் இருந்தது போன வருஷத்து மணி. என் கணக்கில் இருந்தது பழைய நிலப்படப் புத்தகத்து மணி. இரண்டு பழசும் ஒத்துப்போனதைப் பார்த்து நான் துள்ளியிருக்கிறேன். கோலாலம்பூரில் என் கடிகாரம் காட்டிக்கொடுத்ததும் இதைத்தான். பாவம் மாமனார்.

அஞ்சலை கையில் மண்ணோடு நேராக ஆய்வாளரிடம் போனார். மலாயில் அவர் பேசியதைக் குணசேகரன் என் காதில் சொன்னார்.

“துவான், ஜனவரியில் எங்களிடமிருந்து அரைமணி நேரத்தை எடுத்துக்கொண்டீர்கள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இன்று அதைத் திருப்பிக் கொடுங்கள். ஒண்ணு இருபது வரைக்கும்.”

என்சிக் ரம்லியின் முகத்தில் கோபம் வரும் என்று பயந்தேன். அவர் கார்க் கதவில் கை வைத்தபடியே நின்றார். “ஒண்ணு இருபது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நெற்றியில் கையால் தட்டிக்கொண்டார். “லுஹர் தொழுகை நேரம்! சூரியன் உச்சியைத் தாண்டினதும்தானே அது தொடங்கும். போன வருஷம் பன்னிரண்டு ஐம்பது, இப்போது ஒண்ணு இருபது. தினமும் தொழுகிறவன் நான், எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்!” என்றார். குணசேகரன் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மீன்குழம்பு வாசனை வந்தது. நேற்று ஒரு மனிதர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விடையை என் மேசைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஆய்வாளர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆனால் மலைப்பக்கம் கருமேகம் எழும்பத் தொடங்கியிருந்தது. ஒண்ணு பத்துக்கு வெயில் மங்கியது. நிழல் மூன்று விரல் நீளம் இருக்கும்போது சுத்தமாக அழிந்தது. நான் திடலில் அங்கும் இங்கும் நடந்தேன். குணசேகரன், “உக்காருங்க லா சார், பிள்ளைங்களே நிக்குதுங்க” என்றார். பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. குனிந்த தலை நிமிராமல் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை அடுத்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குச்சியின் பக்கத்திலேயே இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. எந்தச் சாமியோ தெரியாது.

சட்டென்று வெயில் அடித்தது. இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். குச்சி நின்றது, நிழல் இல்லை. கம்பம் நின்றது, நிழல் இல்லை. என்சிக் ரம்லி எழுந்து தன் காலைச் சுற்றிப் பார்த்தார், ஒரு காலைத் தூக்கி அதற்குக் கீழேயும் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன் என்று குணசேகரன் பிறகு சொன்னார். அஞ்சலை கடைசிக் கல்லைக் குச்சியின் அடியில் ஒட்டி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். செம்பனைச் செடிகளுக்கு அப்பால் எங்கிருந்தோ பாங்குச் சத்தம் கேட்டது.

ஆய்வாளர் தொழுதுவிட்டு வந்து, வாசலில் நின்றபடியே தன் புத்தகத்தில் நாலைந்து வரி எழுதினார். யாருக்கும் காட்டவில்லை. மழையோடு மழையாகக் கார் போய்விட்டது. என்ன எழுதினார் என்று தெரியாமலேதான் நானும் ஊர் திரும்பினேன். மாமனார் வீட்டுக்குப் போய்க் கடிகாரம் நன்றாக ஓடுகிறது என்று காரணம் சொல்லாமல் சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூலை மாதம் அஞ்சலையின் கடிதம் வந்தது. பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆய்வாளர் எழுதியதைக் குணசேகரன் எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். ‘இந்த ஆசிரியை குறித்து வைத்த நேரம் தவறு. ஆனால் கடிகாரத்தை விட்டுவிட்டு நிழலை நம்பினார். இவரைப் பயிற்சிக்குப் பரிந்துரைக்கிறேன்.’ அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்ததாம். ‘பயிற்சி கொடுக்க வந்தவருக்கும் இதே பரிந்துரை.’

படித்ததும் ‘நாசமாய்ப் போக’ என்றுதான் வாயில் வந்தது. மனைவி வாங்கிப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போனாள்.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் நாளில் வகுப்பு முழுவதையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு மாணவியிடம் கொடுத்தேன். குச்சிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வைத்தேன். நிழல் சுத்தமாகப் போன பிறகுதான் மணி என்ன என்று கேட்டேன்.